எல்லையில் மாடு விற்பவருக்கு யார் அரசு?

கேள்வி கேட்டவர் இரண்டு வரியில் முடித்துவிட்டார்: சோமாலியாவில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சண்டை, கென்யாவுடனான எல்லையும் 2007-இல் அதிகாரபூர்வமாக மூடப்பட்டது; அப்படியிருக்க அங்கே வியாபாரம் எப்படி நடக்கிறது, அரசு இல்லாமல் இருப்பதுதானே அந்த வியாபாரிகளுக்கு வசதி? முதல் பாதிக்குப் பதில் சொல்வது எளிது. இரண்டாம் பாதியில் ஒரு குற்றச்சாட்டு ஒளிந்திருக்கிறது. வரி கட்டாமல் கொழுத்தவர்கள் அமைதியை விரும்புவார்களா என்பதுதான் அவர் உண்மையில் கேட்பது. வடகிழக்குக் கென்யாவில் நிவாரண உணவு ஏற்றும் லாரிகளுக்கு வாடகை பேசும் வேலையில் எட்டு ஆண்டுகள் இருந்தேன். என் வேலை எல்லைக்கு இந்தப் பக்கத்தோடு முடிந்துவிடும். அந்தப் பக்கத்தைப் பற்றி இங்கே நான் எழுதுவது லாரிக்காரர்களும் மாட்டு வியாபாரிகளும் சொன்னது, பிறகு வெளிவந்த ஆய்வுகளோடு அதை ஒப்பிட்டுப் பார்த்தபோது தேறியது. அதை மனத்தில் வைத்துப் படியுங்கள்.

மாட்டிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அந்த எல்லையில் எல்லாமே மாட்டிலிருந்துதான் தொடங்குகிறது. நைரோபிக்குக் கிழக்கே சுமார் 370 கிலோமீட்டரில், தானா ஆற்றங்கரையில் கரிஸ்ஸா என்ற ஊர். கிழக்கு ஆப்பிரிக்காவின் பெரிய கால்நடைச் சந்தைகளில் ஒன்று அங்கே கூடுகிறது. 1991 ஜனவரியில் சோமாலியாவில் சியாத் பாரேயின் ராணுவ ஆட்சி விழுந்தபோது, தென் சோமாலிய மாட்டுக்காரர்களுக்குத் தலைநகர் மொகதிசு, கிஸ்மாயோ சந்தைகளும் துறைமுகங்களும் ஒரே அடியில் கைவிட்டுப் போயின. மாட்டுக்கு அரசியல் தெரியாது, மேய்ச்சலும் தண்ணீரும் விலையும்தான் தெரியும் என்று ஒரு கிழவர் என்னிடம் சொன்னார். விலை இருந்தது நைரோபியில். சோமாலியாவின் அஃப்மதோவிலிருந்து தோப்லி, அங்கிருந்து எல்லைக்கு இந்தப் பக்கம் லிபோய், பிறகு கரிஸ்ஸா என்று மந்தைகள் கால்நடையாகவே மேற்கே திரும்பின. அரசு விழுந்த பிறகு வியாபாரம் படுத்துவிடவில்லை. தொண்ணூறுகளில் கரிஸ்ஸாவில் விற்ற மாடுகளின் எண்ணிக்கை பல மடங்கு கூடியது. இது வதந்தி அல்ல, அந்தச் சந்தையை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வாளர்கள் பதிவுசெய்தது.

அந்நியரை நம்பி ஒரு மந்தையை எப்படி விற்பது? நீதிமன்றம் இல்லை, போலீஸ் இல்லை, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் அதை நிறைவேற்றிவைக்க ஆள் இல்லை. இங்கேதான் 'திலால்' வருகிறார். அரபு வழியாக நமக்கு வந்த 'தலாலி' என்ற சொல்லின் உறவுக்காரர். சோமாலியச் சந்தைகளில் இந்தத் தரகர்கள் துணிக்கடியில் கையை மறைத்து, விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். நம் ஊர் மாட்டுச் சந்தையில் துண்டு போட்டு விலை பேசுவதைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. ஆனால் விலை பேசுவது அவருடைய சின்ன வேலை. இந்த மாடு திருட்டு மாடு அல்ல, இதற்கு வேறு சொந்தக்காரர் கிளம்ப மாட்டார் என்று வாங்குபவருக்கு அவர் ஈடு நிற்கிறார். நாளை வில்லங்கம் வந்தால் வாங்கியவர் தேடிப் போவது விற்றவரை அல்ல, திலாலை. திலாலுக்குப் பின்னால் அவருடைய குலம் நிற்கிறது. குலத்துக்குப் பின்னால் 'ஹீர்' எனப்படும் வழக்காற்றுச் சட்டம். கொலைக்குக்கூட அதில் ஈட்டுத்தொகை உண்டு. ஓர் ஆணின் உயிருக்கு நூறு ஒட்டகம் என்பது பழைய கணக்கு. பேச்சுவார்த்தையில் கூடும், குறையும். அந்தக் காலத்தில் ஒட்டகச் சாத்து இன்னொரு குலத்தின் நிலத்தைக் கடக்க வேண்டுமென்றால் அந்தக் குலத்திலேயே ஒருவரைக் காவலராக அமர்த்திக்கொள்ளும், 'அப்பான்' என்பார்கள். இன்றைய லாரிக்கும் அப்படி ஒருவர் தேவைப்படுகிற சாலைகள் இருக்கின்றன. அதனால் 'அரசு இல்லாத இடம்' என்று நாம் சொல்லும்போது, கட்டடமும் கொடியும் இல்லாத இடம் என்றுதான் பொருள்கொள்ள வேண்டும். விதிகள் நிறையவே இருக்கின்றன. பலமான குலத்தவருக்கு அவை நன்றாக வேலை செய்கின்றன. சிறுபான்மைக் குலத்தவருக்கும், சோமாலியாவில் வாழும் பாண்டு (Bantu) இன மக்களுக்கும் அவ்வளவாக வேலை செய்வதில்லை. அவர்களுக்காக ஈட்டுத்தொகை கேட்க யாரும் வருவதில்லை. வழக்காற்றைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் இதை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

பணம் வேறு தடத்தில் போகிறது. மாடு விற்ற கென்ய ஷில்லிங் கட்டைக் கையில் எடுத்துக்கொண்டு எல்லை தாண்டுகிறவர் குறைவு. அது நைரோபியின் ஈஸ்ட்லி பகுதியில் உள்ள துணிக்கடைக்காரரிடமோ பணமாற்று முகவரிடமோ போகும். அதற்கு ஈடான டாலர் சோமாலியாவில் ஒருவர் கைக்குக் கிடைக்கும். அந்த டாலர் துபாயில் சரக்காக மாறித் திரும்ப வரும். ஹவாலா என்று உலகம் சொல்வதை நாம் உண்டியல் என்கிறோம். இப்போது பெரும்பாலும் கைபேசியிலேயே முடிந்துவிடுகிறது. இந்தத் தடத்தை வெளியிலிருந்து அறுக்க இரண்டு பெரிய முயற்சிகள் நடந்தன. 2001 நவம்பரில் அல்-பரகாத் என்ற சோமாலியப் பணமாற்று நிறுவனத்தை அமெரிக்கா பயங்கரவாத நிதிக் குற்றச்சாட்டில் முடக்கியது. அந்தக் குற்றச்சாட்டுக்குப் போதிய ஆதாரம் கிடைக்கவில்லை என்று செப்டம்பர் 11 விசாரணை ஆணையத்தின் அலுவலர்களே பின்னர் எழுதினார்கள். 2015 ஏப்ரல் 2 அன்று அல்-ஷபாப் என்ற சோமாலிய இஸ்லாமியவாத ஆயுதக் குழு கரிஸ்ஸா பல்கலைக்கழகத்தில் 148 பேரைக் கொன்ற சில நாட்களில், கென்யா 13 பணமாற்று நிறுவனங்களின் உரிமத்தை நிறுத்திவைத்தது. ஜூனில் திரும்பக் கொடுத்தது. அந்த இடைவெளியில் அல்லாடியவர்கள் பெரிய வியாபாரிகள் அல்ல. அவர்களுக்கு வங்கிக் கணக்கும் துபாயில் உறவினரும் இருந்தார்கள். மாதம் ஐம்பது டாலரை எதிர்பார்த்திருந்த தாய்மார்கள்தான் அல்லாடினார்கள்.

சரி, குற்றச்சாட்டுக்கு வருகிறேன். வணிகர்களுக்கு அரசின்மைதான் வசதி என்றால் 2006 நடந்திருக்கக் கூடாது. அதற்கு முந்தைய பதினைந்து ஆண்டுகளில் மொகதிசுவைச் சுற்றி ஒவ்வொரு படைத்தலைவனும் சாலையில் ஒரு கயிறோ தகரப் பீப்பாயோ போட்டு வசூல் செய்தான். இந்தச் சாவடிக்கு 'இஸ்பாரோ' என்று பெயர். ஒரு சாவடியில் கட்டிய பணத்துக்கு அடுத்த சாவடியில் மதிப்பில்லை. நகர வணிகர்கள் தங்கள் சரக்கைக் காக்கக் கூலிப் படை வைத்தார்கள், பிறகு அந்தச் செலவு தாங்காமல் குல அளவிலான இஸ்லாமிய நீதிமன்றங்களுக்குப் பணம் கொடுக்கத் தொடங்கினார்கள். அந்த நீதிமன்றங்கள் ஒன்றுசேர்ந்து 2006 ஜூனில் தலைநகரைப் பிடித்தபோது முதலில் செய்த வேலைகளில் ஒன்று சாவடிகளை அகற்றியது. பதினோரு ஆண்டுகளாக மூடிக்கிடந்த மொகதிசு துறைமுகம் அந்த ஆகஸ்டில் திறந்தது. பணக்கார வணிகர்கள் எல்லாரும் திடீரென்று பக்திமான்களாகிவிட்டார்கள் என்று நான் நினைக்கவில்லை. பத்து இடத்தில் கட்டுவதை ஒரே இடத்தில் கட்டினால் போதும் என்பதுதான் அவர்களை இழுத்தது. அந்த ஆண்டு டிசம்பரில் எத்தியோப்பியப் படை நுழைந்து அதை முடித்துவைத்தது. அடுத்த மாதம் கென்யா எல்லையை மூடியது.

அந்த இடிபாட்டிலிருந்து எழுந்த அல்-ஷபாப் இந்தப் பாடத்தைத்தான் நன்றாகப் படித்திருக்கிறது. அவர்கள் கட்டுப்பாட்டில் உள்ள சாலையில் லாரிக்கு ஒரு தொகை, சரக்குக்கு ஒரு தொகை. இரண்டுக்கும் ரசீது கொடுப்பார்கள். அந்த ரசீதைக் காட்டினால் அவர்களுடைய அடுத்த சாவடியில் மறுபடி கேட்க மாட்டார்கள். மந்தைகளுக்கு ஜகாத் என்ற பெயரில் ஆண்டு வசூல். நான் பேசிய ஓட்டுநர்கள் கொள்கை பேசவில்லை. 'அங்கே எவ்வளவு என்று கிளம்பும்போதே தெரியும், இங்கே ஒவ்வொரு வளைவிலும் பேரம்' என்றார்கள். 'இங்கே' என்பது அரசுப் படைகளும் மாநில நிர்வாகங்களும் அவற்றோடு சேர்ந்த குலப்படைகளும் நிற்கிற சாலை. அரசுப் பகுதியில் குடியிருப்பவர்கள்கூட நிலத்தகராறையும் கொடுக்கல் வாங்கல் வழக்கையும் அல்-ஷபாப் நீதிமன்றத்துக்கு எடுத்துப் போவதுண்டு என்பது பல ஆய்வுகளில் உறுதிப்பட்ட செய்தி. தீர்ப்பு விரைவாக வரும், அதை மீற யாருக்கும் துணிச்சல் வராது.

இந்த இடத்தில் பல கட்டுரையாளர்கள் வழுக்கி விழுகிறார்கள். 'பார், மக்கள் அவர்களை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்' என்று எழுதிவிடுகிறார்கள். ஒழுங்காக வசூலிப்பதும் மனம் ஒப்பிக் கொடுப்பதும் ஒன்றல்ல. ரசீதுக்குப் பின்னால் துப்பாக்கி இருக்கிறது. கட்டாதவருக்கு என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். 2022-இல் நடுச் சோமாலியாவின் ஹிரான் பகுதியில் 'மகவீஸ்லி' என்ற உள்ளூர்ப் படைகள் அவர்களுக்கு எதிராகத் திரண்டு அரசோடு சேர்ந்தன. வறட்சியிலும் தளராத வசூல் அதற்கு ஒரு முக்கியக் காரணம். மகவீஸ் என்பது அவர்கள் கட்டும் கைலி. அந்த உடையே படையின் பெயராகிவிட்டது. அல்-ஷபாபின் வருமானம் ஆண்டுக்கு 10 கோடி டாலர் அளவில் இருக்கும் என்று அமெரிக்கக் கருவூலத் துறையும், அதற்கும் மேலே இருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழுவும் சொல்லியிருக்கின்றன. இவை மதிப்பீடுகள். அதன் கணக்குப் புத்தகத்தைப் பார்த்து யாரும் எழுதவில்லை. இந்த எண்ணைப் பத்திரிகைகள் தணிக்கை அறிக்கைபோல அச்சிடும்போது எனக்குக் கூச்சமாக இருக்கும்.

இப்போது கென்யப் பக்கம். ஏறத்தாழ 700 கிலோமீட்டர் எல்லை, பெரும்பாலும் புதர்க்காடு. 2007-இல் மூடினார்கள். ஆனால் மூடல் எல்லாச் சரக்கையும் ஒரே மாதிரி தொடவில்லை. மாடு நடந்து வருகிறது. சுங்கச் சாவடி வழியாக அது வரவேண்டிய கட்டாயமில்லை. கரிஸ்ஸா சந்தையில் கைமாறி, கால்நடைத் துறையின் நகர்வு அனுமதிச் சீட்டு கிடைத்த நிமிடத்தில் அது கென்ய மாடாகிவிடும். நைரோபியின் இறைச்சிக் கடைகளுக்கு அந்த மாடு தேவை என்பதால் யாரும் அதன் பிறப்பிடத்தை அதிகம் விசாரிப்பதில்லை. சர்க்கரையின் கதை வேறு. உள்நாட்டுக் கரும்பாலைகளைக் காக்க கென்யா இறக்குமதியைக் கட்டுப்படுத்துகிறது, அதனால் உள்ளூர் விலை உயர்வு. கிஸ்மாயோவில் இறங்கும் வெளிநாட்டுச் சர்க்கரை எல்லையைத் தாண்டினாலே லாபம். சர்க்கரை நடந்து வராது. லாரியில்தான் வரும், லாரி சாலையில்தான் வரும், சாலையில் சீருடைக்காரர்கள் நிற்பார்கள். மூடப்பட்ட எல்லையில் சர்க்கரை லாரி ஓடுகிறதென்றால் யாரோ திறந்துவிடுகிறார்கள் என்று பொருள். 2011 அக்டோபரில் சோமாலியாவுக்குள் நுழைந்து அடுத்த ஆண்டு கிஸ்மாயோவைப் பிடித்த கென்யப் படையினர் சிலருக்கு இந்த வணிகத்திலும், 2012 பிப்ரவரியில் ஐ.நா. பாதுகாப்பு அவை தடைசெய்த மரக்கரி ஏற்றுமதியிலும் பங்கு இருக்கிறது என்று ஐ.நா. கண்காணிப்புக் குழுவும் கென்யச் செய்தியாளர்களும் எழுதினார்கள். படை மறுத்தது. கரி கப்பலேறியது உறுதி, படம் இருக்கிறது. யார் பைக்குள் எவ்வளவு போனது என்பது குற்றச்சாட்டு நிலையிலேயே நிற்கிறது.

எல்லை மூடல் வணிகத்தை நிறுத்தவில்லை, வணிகர்களைத் தரம் பிரித்தது என்பது என் கணிப்பு. ஒரு மேலதிகாரியை அறிந்த வியாபாரிக்கு மூடல் ஒரு வேலி. போட்டியாளர் உள்ளே வரமாட்டார். இரண்டு பை சர்க்கரையைக் கழுதை வண்டியில் வைத்து பெலெத் ஹவோவிலிருந்து மந்தேராவுக்கு வரும் பெண்ணுக்கு அது தினசரிப் பேரம். மந்தேரா நைரோபியிலிருந்து ஆயிரம் கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் ஊர். சாலை மோசம், பாதுகாப்பு அதைவிட மோசம். 2014 நவம்பரில் நைரோபிக்குப் புறப்பட்ட பஸ்ஸை மறித்து 28 பயணிகளை அல்-ஷபாப் சுட்டுக் கொன்றது அந்தச் சாலையில்தான். அங்கே கடைச் சரக்கில் கணிசமானது தலைநகரிலிருந்து வருவதைவிட எல்லைக்கு அப்பாலிருந்து வருவது மலிவு. எல்லையை உண்மையிலேயே மூடினால் முதலில் பட்டினி கிடப்பது கென்யக் குடிமக்கள். உள்ளூர் அதிகாரிகளுக்கு இது நன்றாகத் தெரியும். ஆகவே மேலிருந்து வரும் ஆணையைப் பாதி காதில் வாங்குகிறார்கள். அதற்குக் கையூட்டு மட்டுமே காரணம் என்று சொல்வது பாதி உண்மை.

வணிகர்கள் ஆட்சி நடத்தினார்கள் என்று சொல்லத்தக்க மிகத் தெளிவான நிகழ்வு எது என்று கேட்டால், நான் சோமாலியாவைக் காட்ட மாட்டேன். கென்யாவின் வஜீர் ஊர்ச் சந்தையைக் காட்டுவேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வறட்சி, எல்லைக்கு அப்பாலிருந்து வழிந்த துப்பாக்கி, தேகோதியா, அஜுரான், ஒகாதேன் குலங்களுக்கிடையே கொலைகள். ஒரு குலத்துப் பெண்ணிடம் இன்னொரு குலத்துப் பெண் பால் வாங்க மாட்டாள் என்ற நிலை. சந்தைப் பெண்கள் சிலர் கூடி, யாரும் யாரிடமும் வாங்கலாம் விற்கலாம் என்று முடிவெடுத்து, தினமும் சந்தையில் நின்று கண்காணித்தார்கள். தகராறு வந்தால் அங்கேயே தீர்த்தார்கள். பிறகு மூப்பர்களிடம் போனார்கள், இளைஞர்களிடம் போனார்கள். அவர்களோடு இருந்த தேக்கா இப்ராஹிம் அப்தி பின்னாளில், 2007-இல், ரைட் லைவ்லிஹுட் விருது பெற்றார். 1993-இல் மூப்பர்கள் செய்த அல்-ஃபத்தா உடன்படிக்கை கொலைக்கும் கால்நடைத் திருட்டுக்கும் ஈடு என்ன, மேய்ச்சல் நிலத்தை எப்படிப் பகிர்வது என்று வகுத்தது. 1995-இல் அந்த அமைதிக் குழு மாவட்ட நிர்வாகத்தின் அங்கமானது. கென்யச் சட்டப் புத்தகத்தில் கொலைக்கு ஒட்டகம் கொடுக்கும் பிரிவு இல்லை. மாவட்ட ஆட்சியர்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள், பிறகு மெல்ல ஆதரித்தார்கள். இதே மாதிரியைக் கென்யாவின் மற்ற மாவட்டங்களில் அரசு நிதி கொடுத்துப் படி எடுத்தபோது பல இடங்களில் வெறும் கூட்டப்படி வாங்கும் குழுக்களாகச் சுருங்கியது. சந்தை இல்லாத இடத்தில் குழு நிற்கவில்லை என்று நான் நினைக்கிறேன். இதற்கு மாற்றுக் கருத்து உள்ளவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொரு எடுத்துக்காட்டு வடக்கே, சோமாலியாவிலிருந்து பிரிந்து தன்னைத் தனி நாடாக அறிவித்துக்கொண்ட சோமாலிலாந்தில். 1993-இல் போராமா ஊரில் கூடிய மூப்பர் மாநாடு முகமது இகாலைத் தலைவராகத் தேர்ந்தபோது கருவூலம் காலி. போராளிகளைக் கலைத்துச் சம்பளம் கொடுக்கப் பணம் தந்தவர்கள் பெரும் வணிகர்கள். கைம்மாறாக அவர்களுக்கு வரிச் சலுகை. பெர்பெரா துறைமுகச் சுங்கம் அந்த அரசின் உயிர்மூச்சானது. ஆகவே வணிகர்கள் அரசைக் கட்டியும் இருக்கிறார்கள். ஆனால் அப்படிப் பிறந்த அரசு கடன்கொடுத்தவர்மேல் எளிதில் வரி போட முடியாது. ஒரே சரக்கை நம்பியும் இருந்தது: பிளவுப் பள்ளத்தாக்குக் காய்ச்சல் என்ற கால்நடை நோயைக் காரணம் காட்டி 2000 முதல் 2009 வரை சவூதி அரேபியா கால்நடை இறக்குமதியை நிறுத்தியபோது அரசு, கால்நடை மேய்ப்பவர் இருவருக்கும் ஒரே நேரத்தில் வயிறு காய்ந்தது.

ஆகவே கேட்டவருக்கு என் பதில்: வணிகர்கள் அரசுக்கு எதிரிகள் அல்லர், நண்பர்களும் அல்லர். கட்டிய பணம் அடுத்த சாவடியிலும் செல்லுபடியாக வேண்டும் என்று கேட்கிறார்கள். அதை யார் கொடுத்தாலும் வாங்குவார்கள். குல மூப்பர், நீதிமன்றத் தாடிக்காரர், 2013-இல் பிறந்த கென்ய மாவட்ட அரசு, கிஸ்மாயோவில் அகமது மதோபே தலைமையிலான ஜுபாலாந்து மாநில நிர்வாகம், யாராக இருந்தாலும். இதில் உறுதியானது சாவடிகள், ரசீதுகள், மாட்டின் பாதை. எல்லாக் கட்டங்களிலும் ஒரு சிலர் சண்டையால் கொழுத்தார்கள் என்பதும் உறுதி. கரியும் சர்க்கரையும் அதற்குச் சாட்சி. அவர்கள் எத்தனை பங்கு என்பதை எந்தப் புள்ளிவிவரமும் காட்டாது, ஏனென்றால் இந்த வணிகத்தில் பெரும்பகுதி எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. 2023 மே மாதம் இரு நாடுகளும் எல்லையைப் படிப்படியாகத் திறக்க ஒப்புக்கொண்டன. ஜூலையில், தாக்குதல்கள் கூடியதைக் காட்டி, கென்யா அதைத் தள்ளிப்போட்டது. கரிஸ்ஸா சந்தையில் மாடு விற்பனை இரண்டு மாதங்களிலும் நடந்தது.

கேள்வியின் பின்குறிப்பில், ஆய்வுக்காக அந்த வியாபாரிகளைச் சந்தித்தால் உண்மையைச் சொல்வார்களா என்றும் கேட்டிருந்தார். யாருக்கு வரி கட்டுகிறாய் என்று கேட்காதீர்கள். சொன்னால் அவருக்கு ஆபத்து, கேட்டால் உங்களுக்கும். லாரி வாடகையைக் கேளுங்கள். ஒரே தூரத்துக்கு, ஒரே எடைக்கு, இரண்டு சாலைகளில் வாடகை என்ன, சென்ற மாதம் என்ன, இந்த மாதம் என்ன. டீசலையும் டயரையும் கழித்துவிட்டு மீதி எவ்வளவு என்று பாருங்கள். எட்டு ஆண்டுகள் நான் படித்த ஒரே அரசிதழ் அதுதான்.